கழுவறவங்களைக் கேட்டீங்களா?

மெக்கானிக்கல் மூணாம் வருஷம் படிக்கிறவன் நம்ம இதழுக்கு எழுதினா ரோபோ பத்தி எழுதணும், பைக் பத்தி எழுதணும், குறைஞ்சது அரியர் பத்தியாவது எழுதணும். நான் எழுதப்போறது கேக் மேல கிரீம் பிழியற பைப்பிங் பேக் பத்தி. சிரிக்கிறவங்க சிரிச்சு முடிச்சுட்டு வாங்க, காத்திருக்கேன்.

எங்க ஊர் செஞ்சி. திண்டிவனத்துல இருந்து திருவண்ணாமலை போற பஸ்ல ஜன்னல் ஓரம் உட்கார்ந்தீங்கன்னா, பாறைய அள்ளிக் கொட்டின மாதிரி மலைங்க தெரிய ஆரம்பிக்கும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூணையும் சேர்த்து வளைச்சுக் கட்டின மதில். அதுக்குக் கிட்டத்துல ஒரு தெருவுல எங்க வீடு. அப்பா ஒரு நெல் வியாபாரிகிட்ட கணக்கு எழுதுறார். அம்மா வீட்லயே கேக் செஞ்சு விக்கிறாங்க. 2020 லாக்டவுன்ல எல்லாரையும் மாதிரி குக்கர்ல கேக் போட ஆரம்பிச்சவங்க, மத்தவங்க நிறுத்தினப்புறமும் நிறுத்தல. இப்போ ஒரு சின்ன ஓவன், ஒரு பீட்டர், மாசம் பதினஞ்சு ஆர்டர். என் ஹாஸ்டல் மெஸ் பில் அந்த ஓவன்ல இருந்துதான் வருது.

பிரச்சினை ஆரம்பிச்சது ஒரு மாட்டால.

போன வருஷம் மே மாசம், செமஸ்டர் லீவ்ல வீட்ல இருந்தேன். பின்பக்கம் குப்பைக் கூடைய ஒரு மாடு தள்ளிவிட்டு எதையோ மென்னுட்டு இருந்துச்சு. பக்கத்துல போய்ப் பார்த்தா, அம்மா முதல்நாள் தூக்கிப் போட்ட பாலித்தீன் பைப்பிங் பேக். உள்ள ஒட்டியிருந்த கிரீம் வாசனைக்கு வந்திருக்கு. ஒரு பை வாய்க்கு வெளியில தொங்குது. இன்னொண்ணு ஏற்கெனவே உள்ள போயிடுச்சு. அம்மா ஓடிவந்து இழுத்தாங்க, மாடு விடல. கடைசியில பாதி பைதான் கையில வந்துச்சு.

அன்னைக்கு முழுக்க அம்மா சரியாவே பேசல. சாயங்காலமா, "அந்த மாட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னடா பண்றது?"ன்னு மட்டும் கேட்டாங்க. மாட்டுக்கு ஒண்ணும் ஆகல, மறுநாளும் அதே தெருவுல நின்னுச்சு. ஆனா அம்மாவுக்கு மனசு ஆறல. தமிழ்நாட்டுல ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடற பிளாஸ்டிக் 14 வகைக்கு 2019 ஜனவரி 1-ல இருந்து தடை வந்ததும், 2021 டிசம்பர்ல "மீண்டும் மஞ்சப்பை"ன்னு அரசே இயக்கம் ஆரம்பிச்சதும் நமக்குத் தெரியும். கடைக்குப் போறப்போ அம்மா மஞ்சப்பைதான் எடுத்துட்டுப் போவாங்க. அதே அம்மாவோட சமையல்கட்டுல இருந்து மாசம் எழுபத்தஞ்சு பாலித்தீன் பை வெளிய போகுது. ஒரு கேக்குக்கு அஞ்சு: வெள்ளைக்கு ஒண்ணு, கலருக்கு ஒண்ணு ஒண்ணு, எழுத்துக்கு ஒண்ணு.

"திரும்பத் திரும்ப யூஸ் பண்ற மாதிரி பை கிடைக்கும்மா. நான் பார்த்துக்கறேன்"னேன். இன்ஜினியர் மகன் இல்லையா.

உட்கார்ந்து ஒரு எக்ஸெல் ஷீட் போட்டேன். நூறு பாலித்தீன் பை 220 ரூபாய். மாசம் எழுபத்தஞ்சுன்னா 165 ரூபாய். சிலிக்கான் பை ஒண்ணு 180 ரூபாய், அஞ்சு வாங்கினா 900. ஆக அஞ்சரை மாசத்துல போட்ட காசு திரும்பிடும், அதுக்கு மேல எல்லாம் லாபம். நெட்ல படிச்சு மெட்டீரியல் வாரியா ஒரு டேபிளும் போட்டேன். சிலிக்கான் கொதிக்கிற தண்ணியத் தாங்கும், உள்ள இருக்கிற கிரீம் வெளிய தெரியும், அச்சுல வார்த்தது, அதனால தையலே இல்ல. எல்லாக் கட்டத்துலயும் சிலிக்கானுக்குத்தான் டிக். ஆர்டர் போட்டுட்டேன். பார்சல் வந்ததும் அம்மா ஒரு பையக் கையில எடுத்து, இழுத்துப் பார்த்து, "ரப்பர் மாதிரி இருக்கேடா"ன்னாங்க. நான் அதுக்கு ஃபுட் கிரேடுன்னு ஒரு லெக்சர் குடுத்தேன். ஜூன்ல காலேஜ் திறந்ததும் ஹாஸ்டலுக்கு வந்துட்டேன். பிளாஸ்டிக் பிரச்சினைய ஒரு வீட்டளவுல தீர்த்துட்டதா நினைப்பு.

2025 ஜூலை 11 அன்னைக்கு எங்க ஊருக்கு ஒரு சேதி வந்துச்சு. மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள்னு பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துச்சு. பதினொண்ணு மகாராஷ்டிராவுல. பன்னிரண்டாவது எங்க செஞ்சிக்கோட்டை. 1677-ல சிவாஜி பிடிச்ச கோட்டை. அவரோட மகன் ராஜாராம் இங்க இருந்தப்போதான் முகலாயப் படை 1690-ல இருந்து 1698 வரைக்கும் முற்றுகை போட்டுச்சு. சின்ன வயசுல இருந்து ஞாயித்துக்கிழமையானா ஏறி இறங்கற மலை திடீர்னு உலகப் புகழ். எங்க தெருவுல டியூஷன் எடுக்கிற டீச்சர் அதுக்காகவே பசங்களுக்கு ஒரு கேக் வெட்டணும்னு சொல்லி அம்மாகிட்ட ஆர்டர் குடுத்தாங்க. மூணு கிலோ. ராஜகிரி மலை, அடிவாரத்துல கல்யாண மகால், கீழ "நம்ம செஞ்சி"ன்னு எழுத்து.

கல்யாண மகாலப் பார்த்தவங்களுக்குத் தெரியும். சதுரமா அடுக்கடுக்கா ஏறி, உச்சியில கூம்பு மாதிரி முடியும். கேக்குல அதைக் கொண்டுவரணும்னா கிரீம் கெட்டியா இருக்கணும், நாசில் சின்னதா இருக்கணும். தமிழ் எழுத்துக்கும் அதேதான். இங்கிலீஷ்ல "ஹேப்பி பர்த்டே" இழுத்துட்டுப் போயிடலாம். "ஞ்சி" அப்படி இல்ல, சுழியும் கொம்பும் தெளிவா விழணும். ரெண்டு மில்லிமீட்டர் நாசில், கெட்டியான பட்டர்கிரீம்.

நான் அந்த சனிக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தேன். அம்மா கல்யாண மகாலோட மேல் அடுக்குல இருந்தாங்க. பிரவுன் கலர் கிரீம், சிலிக்கான் பை. அழுத்தறாங்க, பை பலூன் மாதிரி உப்புது, நாசில்ல ஒண்ணும் வரல. இன்னும் அழுத்தறாங்க. "டப்"புன்னு ஒரு சத்தம். பை நுனியில இருந்து மேல வரைக்கும் கிழிஞ்சு, கால் கிலோ கிரீம் கல்யாண மகால் தலைமேல விழுந்துச்சு.

நடந்தது என்னன்னு இப்போ சொல்ல முடியும், ஸ்ட்ரெந்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் படிச்சவங்க எல்லாரும் சொல்லலாம். கெட்டி கிரீம் தண்ணி மாதிரி இல்ல, டூத்பேஸ்ட் மாதிரி. ஒரு அளவுக்கு மேல அழுத்தினாத்தான் நகரவே ஆரம்பிக்கும். அப்படிப்பட்ட பொருளுக்கு நாசில் விட்டத்தைப் பாதியாக்கினா, நகர வைக்கத் தேவையான அழுத்தம் ரெண்டு மடங்காகும். அந்த அழுத்தம் நாசில்ல மட்டும் இல்ல, பையோட சுவர் முழுக்க இருக்கு. தின் சிலிண்டர் ஃபார்முலா ஞாபகம் இருக்கா? ஹூப் ஸ்ட்ரெஸ் = அழுத்தம் × விட்டம் ÷ (2 × தடிமன்). பை அகலமா, நிறைய ரொப்பி இருந்தா சுவர் மேல இழுவை அதிகம். கூடவே, பெரிய பையில நம்ம கை அழுத்தற விசை பெரிய பரப்புல பரவிடும், அதனால இன்னும் பலமா அழுத்துவோம். சிலிக்கான் வேற நல்லா நீளும். அம்மா குடுத்த பலத்துல பாதி கிரீமைத் தள்ளறதுக்குப் பதிலா பைய உப்ப வைக்கத்தான் செலவாச்சு. உப்பினா விட்டம் கூடும், தடிமன் குறையும். ஃபார்முலாவுல ரெண்டுமே கெட்ட பக்கம்.

அப்புறம் முக்கியமான விஷயம். நாசில் மாட்டறதுக்காகப் பை நுனிய வெட்டினது நான். சமையல்கட்டுக் கத்திரிக்கோல்ல அவசரமா வெட்டினதுல ஓரத்துல சின்னதா ஒரு பிசிறு. சிலிக்கான்ல ஒரு கீறல் விழுந்தா அங்கிருந்து சரசரன்னு கிழியும். ஸ்ட்ரெஸ் கான்சென்ட்ரேஷன்னு பரீட்சையில நாலு மார்க்குக்குப் படம் வரைஞ்சவன்தான் நான்.

அம்மா கத்தல. கொஞ்ச நேரம் கேக்கையே பார்த்தாங்க. அப்புறம் ஸ்பூன் எடுத்து அந்தக் கிரீமைத் தட்டித் தட்டி, கரடுமுரடா ஆக்கி, "செஞ்சியில பாறைக்கா பஞ்சம்?"னாங்க. கல்யாண மகாலுக்குப் பின்னால ஒரு பெரிய பாறை வந்துடுச்சு. அது வரைக்கும் நல்லாத்தான் போச்சு.

எழுத்து மிச்சம் இருந்துச்சு. அம்மா கோதுமை மாவு டப்பாவுக்குப் பின்னால கையவிட்டு ஒரு கவரை எடுத்தாங்க. பாலித்தீன் பைப்பிங் பேக், நூறு பை கட்டு. பாதி காலி.

நான் பார்த்துட்டேன். நான் பார்த்ததை அம்மாவும் பார்த்துட்டாங்க.

"நீ வர்றப்ப மட்டும் அந்த ரப்பர் பைய எடுப்பேன்டா. நீ ஆசையா வாங்கிக் குடுத்தது."

"மத்த நாள்ல ஏம்மா எடுக்கல?"

"கழுவ முடியலடா."

அவ்வளவுதான் சொன்னாங்க. எழுத்தை முடிச்சாங்க. டீச்சர் வந்து வாங்கிட்டுப் போனாங்க, பாறை ரொம்ப தத்ரூபம்னு பாராட்டினாங்க.

ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும், கிழியாத மீதி நாலு பையையும் நான் கழுவறேன்னு எடுத்துட்டுப் போனேன். குழாய்த் தண்ணியில காட்டினேன். கிரீம்ல இருக்கிற கொழுப்பு பச்சைத்தண்ணி பட்டதும் இன்னும் கெட்டியா ஒட்டிக்குச்சு. சோப்பு போட்டேன், வழுக்குது, பை கையில நிக்கல. உள்பக்கம் திருப்பினேன், திருப்பறப்போ முழங்கை வரைக்கும் எண்ணெய்ப் பிசுக்கு. நுனிக்குள்ள விரல் போகல. கழுவி முடிச்சுட்டோம்னு முகர்ந்து பார்த்தா வெனிலா வாசனையும் பழைய கொழுப்பு வாசனையும் சேர்ந்து வருது. திரும்ப முதல்ல இருந்து. ஒரு பைக்கு ஆறு நிமிஷம் ஆச்சு. சிங்க் வேற அடைச்சுக்குச்சு.

அன்னைக்கு ராத்திரியே என் எக்ஸெல் ஷீட்டைத் திறந்து ஒரு வரி சேர்த்தேன். ஒரு கேக்குக்கு அஞ்சு பை, பைக்கு ஆறு நிமிஷம், அரை மணி நேரம். மாசம் பதினஞ்சு கேக். ஏழரை மணி நேரம். 165 ரூபாய் மிச்சம் பண்ண அம்மா ஏழரை மணி நேரம் சிங்க் முன்னால நிக்கணும். மணிக்கு 22 ரூபாய். அதுவும் எப்போ? கேக்கை அனுப்பி, சமையல் முடிச்சு, எல்லாரும் சாப்பிட்டப்புறம், ராத்திரி பத்தரைக்கு மேல. என் டேபிள்ல வெப்பம் தாங்கும் அளவு இருந்துச்சு, விலை இருந்துச்சு, தடிமன் இருந்துச்சு. கழுவற ஆளுக்கு ஒரு கட்டம்கூட இல்ல. ஏன்னா கழுவற ஆள் நான் இல்ல.

மறுநாள் காலையில இந்தக் கதை ஆயா காதுக்குப் போச்சு. ஆயாவுக்கு எழுபத்தெட்டு வயசு. "அத இன்னாத்துக்குடா பிளாஸ்டிக்குல பண்றீங்க? உங்க தாத்தா துணியிலதான புழிஞ்சாரு?"ன்னு கேட்டுச்சு.

தாத்தா கல்யாண சமையல்ல சரக்கு மாஸ்டர். லட்டு, மைசூர்பாகு, முக்கியமா ஜாங்கிரி. நான் பிறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டார். ஆயா தன்னோட தகரப் பெட்டியத் திறந்து ஒரு துணிய எடுத்துச்சு. கெட்டிக் காடாத்துணி, ஒரு முழச் சதுரம். நடுவுல பென்சில் நுழையற அளவுக்கு ஒரு ஓட்டை, ஓட்டையச் சுத்தி சட்டைக்கு காஜா எடுக்கிற மாதிரி நெருக்கமா தையல். ஜாங்கிரி போடறதை நீங்க பார்த்திருப்பீங்க. உளுந்து மாவைத் துணி நடுவுல வச்சு, நாலு முனையையும் சேர்த்து முறுக்கிப் பிடிச்சு, தட்டையான வாணலியில எண்ணெய் மேல முதல்ல வட்டம், அப்புறம் அது மேல சுத்திச் சுத்தி கண்ணி. வடக்க இம்ரதி போடறவங்களும் இதே மாதிரி துணிதான் வச்சிருக்காங்க. யோசிச்சுப் பாருங்க, இது பைப்பிங் பேக்தான். நாசில்தான் அந்த காஜா.

நான் துணியக் கையில வாங்கினதும் முதல்ல தோணினது, இதுல கழுவ முடியாத மூலையே இல்லைங்கறது. கூம்பா தைச்ச பையில நுனின்னு ஒண்ணு இருக்கு, விரல் போகாது. இது வேலை முடிஞ்சதும் பிரிச்சா வெறும் சதுரத் துணி. உள்பக்கம்னு ஒண்ணு இல்லவே இல்ல. பிடிச்சா கூம்பு, விட்டா துண்டு.

"யாரு ஆயா கழுவுவாங்க? தாத்தாவா?"

ஆயா என்னைப் பார்த்த பார்வைய எழுத முடியாது. "அவரு கல்யாண வூட்டுல இருந்து விடிகாலையில வந்து படுத்துருவாரு. நான்தான். பச்சத்தண்ணியில ஊறப்போட்டு அலசணும். சுடுதண்ணி ஊத்துனா மாவு வெந்து நூலுக்குள்ள போயி உக்காந்துக்கும். அப்புறம் நல்ல வெயில்ல போடணும், நெழல்ல போட்டா கருப்பு புள்ளி வுழும்."

அதே துணியில அம்மா ஒருநாள் பட்டர்கிரீம் வச்சுப் பார்த்தாங்க. சரிப்படல. உளுந்து மாவு தண்ணியில கலந்தது, அதனால பச்சைத்தண்ணியிலயே போயிடும். கிரீம் கொழுப்பு. செஞ்சி வெயில்ல கை வேற சுடும். வெண்ணெய் 32-ல இருந்து 35 டிகிரிக்குள்ள உருகும், உள்ளங்கைச் சூடும் கிட்டத்தட்ட அதுதான். உருகின கொழுப்பு துணி வழியா வெளிய கசிஞ்சு அம்மா கை முழுக்க வழிஞ்சுது. அப்போ வெறும் துணி பத்தாது, உள்பக்கம் கோட்டிங் வேணும். ஆனா ஆயா துணி ஒரு கேள்விய எங்களுக்குக் குடுத்துச்சு: இந்தப் பையப் பிரிச்சுப் போட முடியுமா?

ஆகஸ்ட்ல ஒரு நாள் அம்மாவும் நானும் புதுச்சேரிக்குப் போனோம். பேக்கிங் சாமான் விக்கிற கடை. இந்தத் தடவை நான் எதுவும் சொல்றதில்லைன்னு முடிவு பண்ணியிருந்தேன். அம்மா கடைக்காரர்கிட்ட விலை கேட்கறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு பையையும் உள்வெளியாத் திருப்பினாங்க. நுனிக்குள்ள ஆள்காட்டி விரலை விட்டாங்க. தையல் எந்தப் பக்கம் இருக்குன்னு பார்த்தாங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். அம்மா கண்டுக்கல. அங்க கத்துக்கிட்டதைத்தான் உங்களுக்கும் சொல்லப்போறேன்.

கோட்டிங் போட்ட காட்டன் பை: நீளாது. அதனால கை குடுக்கிற பலம் முழுக்க கிரீமுக்குப் போகும். துணி தடியா இருக்கறதால கைச்சூடும் மெதுவாத்தான் உள்ள இறங்கும், வெளிப்பக்கம் சொரசொரன்னு பிடிமானம் இருக்கும். கெட்டி பட்டர்கிரீமுக்கு இதுதான். குறை என்னன்னா, காய நேரமாகும். ஈரத்தோட மடிச்சு வச்சா பூஞ்சை வரும். கலர் கறையும் பிடிக்கும். மேல் ஓரத்தை மடிச்சுத் தைச்சிருந்தா அந்த மடிப்புக்குள்ள கிரீம் போய் உட்காரும், மடிப்பு சின்னதா இருக்கிறதைப் பார்த்து வாங்கணும்.

நைலான், பாலியஸ்டர் பை: மெல்லிசு, லேசு, சீக்கிரம் காயும், சுலபமாத் திரும்பும். விப்பிங் கிரீம் மாதிரி மெதுவான சரக்குக்கு நல்லது. கை எண்ணெயா இருந்தா வழுக்கும். தையல்தான் பலவீனமான இடம். கடையிலயே ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்து, தையல் ஓட்டை வழியா வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க.

சிலிக்கான் பை: மோசம்னு சொல்ல மாட்டேன். தளர்வான மாவு, சாக்லேட் இதுக்கெல்லாம் நல்லாவே போகும், கொதிக்க வைக்கவும் செய்யலாம். கெட்டி கிரீம், சின்ன நாசில்னா வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கும் வாசனையும் லேசுல விடாது. நுனிய வெட்டறதா இருந்தா கூரான பிளேடால ஒரே வெட்டு, பிசிறு இல்லாம.

எதை வாங்கினாலும் சைஸ் சின்னதா வாங்குங்க. ஃபார்முலா ஞாபகம் இருக்கட்டும், விட்டம் குறைஞ்சா இழுவை குறையும். 12 இஞ்ச் பையில பாதி ரொப்பினா போதும், தீர்ந்தா திரும்ப ரொப்பிக்கலாம். நுனிய வெட்டறப்போ கொஞ்சமா வெட்டுங்க, வெட்டினதைத் திரும்ப ஒட்ட முடியாது. முட்டை வெள்ளைக்கரு அடிச்சுப் பிழியறதுன்னா அதுக்குத் தனிப்பை. துளி எண்ணெய் இருந்தாலும் நுரை அமுங்கிடும். எங்க ஊர்ல முட்டை இல்லாத கேக் கேட்கறவங்க நிறைய, அவங்களுக்குன்னு அம்மா ஒரு பைய பச்சை நூல் கட்டித் தனியா வச்சிருக்காங்க. அது நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம், கழுவிட்டேன்னு சொன்னா போதாது.

அம்மா வாங்கினது மூணு காட்டன், ரெண்டு நைலான். 640 ரூபாய். பஸ்ல வர்றப்போ, "உன் டேபிள்ல இது எத்தனையாவது இடம்?"னு கேட்டாங்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

கழுவற விதமும் மாறிச்சு. முதல்ல பைய மேடையில படுக்க வச்சு, தோசைத் திருப்பியோட பின்பக்கத்தால நுனி வரைக்கும் வழிச்சு எடுத்துடறது. அதுலயே ரெண்டு ஸ்பூன் கிரீம் கிடைக்கும், அது என் பங்கு. அப்புறம் உள்வெளியாத் திருப்பி, பழைய பேப்பரால துடைக்கிறது. தண்ணியே படக்கூடாது. கொழுப்புல பெரும்பங்கு இங்கேயே போயிடும், சிங்க் அடைக்காது. அதுக்கப்புறம்தான் கை பொறுக்கற சுடுதண்ணி, பாத்திரம் கழுவற சோப்பு. உளுந்துக்குப் பச்சைத்தண்ணின்னா வெண்ணெய்க்குச் சுடுதண்ணி. கடைசியில ஒரு பாட்டிலைக் கவிழ்த்து அது மேல பைய மாட்டிட்டா காத்து உள்ள போகும், மறுநாள் ஆயா சொன்ன மாதிரி வெயில். ஒரு பைக்கு ரெண்டு நிமிஷம்.

பையோட எண்ணிக்கையையும் அம்மா குறைச்சுட்டாங்க. வெளுப்புல ஆரம்பிச்சு அடர் கலருக்குப் போனா, நடுவுல கழுவாம ஒரே பையில மூணு கலர் முடிக்கலாம். வெள்ளை, அப்புறம் மஞ்சள், அப்புறம் பிரவுன். எழுத்துக்கு மட்டும் பட்டர் பேப்பரைக் கூம்பாச் சுத்தி நுனிய வெட்டிக்கிறாங்க. கோட்டை வாசல்ல வேர்க்கடலை மடிச்சுக் குடுக்கிற பொட்டலம் மாதிரியேதான் இருக்கும். பட்டர்கிரீமுக்கு ஒரு தடவை தாராளமாத் தாங்கும். இப்போ ஒரு கேக்குக்கு மூணு பை. மாசம் ஒன்றரை மணி நேரம். அதுல சனி, ஞாயிறு நான் வீட்ல இருந்தா என் கணக்கு.

பாலித்தீன் முழுசா ஒழிஞ்சுடுச்சான்னு கேட்டீங்கன்னா, இல்ல. ஒரே நாள்ல நாலு ஆர்டர் வந்தா, கரண்ட் போயி கிரீம் தளர ஆரம்பிச்சா, மாவு டப்பாவுக்குப் பின்னால இருந்து கட்டு வெளிய வரும். இப்போ ஒளிச்சு வைக்கல, ஓவன் மேலயே இருக்கு. ஆனா முன்னாடி ஒரு மாசம் கொஞ்சம் கூடத் தாங்கின கட்டு, செப்டம்பர்ல வாங்கினது பிப்ரவரி வரைக்கும் பாதிக்கு மேல அப்படியே இருக்கு. யூஸ் பண்ண பைய வழிச்சுத் துடைச்சு, முடிச்சுப் போட்டுத் தனியா வச்சு, குப்பை வண்டிக்காரர் கையிலேயே குடுத்துடறாங்க. மாடு இப்பவும் பின்பக்கம் வருது. வாழைப்பழத் தோல்தான் கிடைக்குது, அதுக்கு அதுல ஏமாற்றம்தான்.

நம்ம டிபார்ட்மென்ட்ல டிசைன் ப்ராஜெக்ட் போடறப்போ எல்லாரும் காஸ்ட் பார்ப்போம், ஸ்ட்ரெந்த் பார்ப்போம், வெயிட் பார்ப்போம். இனிமே நான் இன்னொரு கேள்வியும் எழுதிக்கப்போறேன்: வேலை முடிஞ்சப்புறம் இதை யார் சுத்தம் பண்ணுவாங்க, அவங்களைக் கேட்டோமா? தண்ணி பாட்டில்ல இருந்து ஹாஸ்டல் மெஸ் தட்டு வரைக்கும், திரும்பப் பயன்படுத்தறதுன்னு நாம சொல்ற எல்லாத்துக்கும் பின்னால ஒரு சிங்க்கும் ஒரு ஆளும் இருக்காங்க.

போன வாரம் இன்டர்னல்ஸ், வீட்டுக்குப் போகல. அம்மா போன் பண்ணாங்க. பரீட்சை எப்படி எழுதினேன்னு கேட்கல.

"இந்த வாரம் வர்றல்ல? அஞ்சு பையும் வழிச்சுத் துடைச்சு வச்சிருக்கேன். சுடுதண்ணி மட்டும் நீ போட்டுக்கோ."